கெய்விக்கு எந்தக் காளை? மணலி புதுநகர் கொட்டகை ஒன்றில் ஐந்து வருடம்

2019 ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மணலி புதுநகரிலிருந்து போன். "சார், மூணு மாட்டுக்கும் காளை பாக்கணும். நெல்லூர் பக்கம் அழகுப் போட்டியில நிறுத்துற மாதிரி கன்னு வேணும். நீங்க வந்து பாத்துட்டு சொல்லுங்கோ."

பேசியவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற லாரி முதலாளி. தாத்தா காலத்தில் நெல்லூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். தொழில் கன்டெய்னரில் ஓடுகிறது, மனசு கொட்டகையில் கிடக்கிறது. நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் எல்லாரும் டாக்டர் என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்து விட்டுவிட்டேன். சினை ஊசி போட்டே முப்பது வருடம் போயிற்று.

வடசென்னைக்காரர்களுக்கு மாட்டு விஷயத்தில் குறையே இருக்கக் கூடாது. வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதவரம் பால்பண்ணையில் 1989 முதல் கால்நடைப் பல்கலைக்கழகம். செங்குன்றம் தாண்டினால் அலமாதியில் உறைவிந்து நிலையம். இத்தனையும் பக்கத்தில் இருக்க, நம் ஆட்கள் காளையைத் தேர்ந்தெடுப்பது வாட்ஸாப்பில் வரும் போட்டோவைப் பார்த்து. காளை கழுத்தில் மாலை, பக்கத்தில் கோப்பை, பின்னால் ஷாமியானா. முடிவு எடுத்தாயிற்று. இந்தக் கொட்டகையிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

கொட்டகையில் நின்றவை

மூன்றும் ஓங்கோல். நம் பக்கத்தில் நெல்லூர் மாடு என்றால்தான் தெரியும். வயதானவை இரண்டு, நடுவயது ஒன்று.

மூத்தவள் பெயர் கெய்வி. கிழவி என்பதை வடசென்னை வாய் அப்படித்தான் சொல்லும். அப்போது 12 வயது, ஏழு ஈத்து. வருடா வருடம் என்று சொல்ல முடியாது, ஆனால் பதினாறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் கன்று போட்டவள். நஞ்சுக்கொடி ஒரு முறைகூட தங்கியதில்லை. கால் நான்கும் தூண். குணம் தங்கம், பேரப்பிள்ளைகள் அடியில் புகுந்து வருவார்கள், நகர மாட்டாள். குறை இரண்டு. இடுப்பிலிருந்து வால்முளைக்கு வரும் சரிவு அதிகம், பின்னாலிருந்து பார்த்தால் உட்காரப் போகிறவள் மாதிரி இருப்பாள். மடி இறங்கிவிட்டது, முன் காம்பு இரண்டும் புட்டி மாதிரி புடைத்திருந்தன.

இரண்டாமவள் கறுமூக்கி, 11 வயது, நான்கே ஈத்து. மூன்றில் அழகி இவள்தான். மூக்கும் கண்ணைச் சுற்றியும் மை தீட்டினாற்போல் கறுப்பு, அகன்ற நெற்றி, கட்டைக் கொம்பு, மடிப்பு மடிப்பாய் அலைதாடி. போட்டி நடுவர் எதையெல்லாம் தேடுவாரோ எல்லாம் இருந்தது. ஒரு கன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு வருடம் எடுத்துக்கொள்வாள், அதுதான் வினை. மூன்றாவது பாப்பா, கெய்வியின் மகள், 7 வயது. அப்பன் யார் என்று சரியாகத் தெரியாது. கோயில் காளை என்றார்கள்.

இந்த விவரம் எதுவும் எழுத்தில் இல்லை. காதில் மஞ்சள் கம்மல், அதில் பன்னிரண்டு இலக்க எண், அவ்வளவுதான் பதிவு. மற்றதெல்லாம் முதலாளியின் அம்மா தலையில் இருந்தது. தெருவே அவரை ஆயா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். என்னை அவர் நைனா என்பார். எந்த மாடு எந்த மாசம் எந்தக் காளைக்குப் போனது, கன்று எத்தனை நாள் பிந்தியது, எந்தக் கன்று பால் குடிக்கச் சோம்பியது எல்லாவற்றையும் கல்யாணத் தேதி மாதிரி சொல்வார். முதல் வேலையாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அவர் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு மாலை ஆயிற்று. இந்த ஐந்து வருடத்தில் நான் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் அந்த இரண்டு மாலையைத்தான் சொல்வேன்.

"கெய்விதானே, இன்னா போச்சு?"

முதலாளியின் கணக்கு இப்படி இருந்தது: கெய்விக்கு இன்னும் ஒரு கன்றோ இரண்டோ. புதுக் காளை எதையாவது அவளிடம் போட்டுப் பார்க்கலாம். நன்றாக வந்தால் சரி, வராவிட்டால் நஷ்டமில்லை. நல்ல காளையை இளசுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு என்று முன்பே சொல்லிவிடுகிறேன். ஏழு ஈத்து போட்ட பசுவைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு வேறெந்த மாட்டைப் பற்றியும் தெரியாது. பன்னிரண்டு வருடம் வெயிலையும் மணலிக் காற்றையும் தாங்கி, சினை பிடித்து, சிரமமில்லாமல் கன்று போட்டு, வளர்த்துக் காட்டியிருக்கிறாள். அவள் பாதி நிரூபணமான பாதி. மிச்சப் பாதியையும் நிரூபணமான இடத்திலிருந்து எடுத்தால்தான் கணக்கு நேராகும். சோதனைக் காளையை இளம் பசுவிடம் வைத்துப் பாருங்கள், தப்பினால் அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம். கெய்விக்கு அடுத்த வருடம் எத்தனை இருக்கிறது?

இதைச் சொன்னபோது எனக்கு ஸ்காட்லாந்துக் கெய்வி ஞாபகம் வந்தாள். உலகம் முழுக்கப் போட்டி மேடையில் நிற்கும் ஆங்கஸ் என்ற கறுப்பு, கொம்பில்லா இனத்தின் வம்சப் பதிவேட்டில் முதல் பசுவாகப் பதிவானவள் பெயர் 'ஓல்ட் கிரானி'. அங்கேயும் கெய்விதான். அந்த இனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஹியூ வாட்சனின் மந்தையில் 1824இல் பிறந்தவள். 35 வயது வரை இருந்து 29 கன்று போட்டாள், கடைசியில் இடி விழுந்து செத்தாள் என்று பதிவு. வாட்சனுக்குக் கிடைத்த பேர் பாதி அவள் வயிற்றிலிருந்து வந்தது. முதலாளியிடம் சொன்னேன். "29ஆ? நம்ம கெய்வி கேட்டா அழுவா சார்" என்றார். ஆனால் யோசித்தார்.

ஆங்கஸ்காரர்களுக்கு 2008இல் வந்த இடி

காளை தேடும் கதைக்குப் போகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்திராவிட்டால் அடுத்து நான் எடுத்த முடிவை எடுத்திருக்க மாட்டேன்.

1990களில் அமெரிக்க ஆங்கஸ் மந்தைகளில் பிரிசிஷன் 1680 என்ற காளையின் விந்து பெருவாரியாகப் புழங்கியது. நல்ல காளை, நல்ல எண்கள், ஆளாளுக்கு வாங்கினார்கள். அதன் மகள்களும் பேத்திகளும் மந்தைதோறும் பசுவாக நின்றார்கள். 2008இல் சில கொட்டகைகளில் முதுகு முறுக்கி, கால் மடங்கி விறைத்த கன்றுகள் செத்துப் பிறந்தன. 'சுருள் கன்று' என்று பேர் வைத்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பீவர் ஆராய்ந்ததில் ஒரே மரபணுக் குறை என்று தெரிந்தது. செத்த கன்றுகளின் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் போய்ப் பார்த்தால் இரண்டும் அந்தக் காளையில் போய் முட்டின. அதே வருடம் பரிசோதனையும் வந்துவிட்டது.

கொடுமை எங்கே என்றால், குறையைத் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கி ஒற்றையாகச் சுமக்கும் மாட்டில் வெளியே ஒன்றும் தெரியாது. அழகாக இருக்கும், பரிசு வாங்கும், பத்துக் கன்று போடும். அதே குறையை ஒற்றையாகச் சுமக்கும் காளையிடம் சேர்த்தால்தான் நாலில் ஒன்று அப்படி விழும். அதாவது, பெயர் பெற்ற காளையின் மகளை அதே வம்சத்துப் பெயர் பெற்ற பேரனிடம் சேர்க்கும்போது. போட்டிக்காரர்கள் எல்லாரும் செய்வது அதைத்தான். கொட்டகையின் வயதான பசுக்களுக்குள்தான் இது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அன்றிலிருந்து அங்கே பழைய பசுவுக்குக் காளை பார்க்கிறவன் முதலில் வம்சச் சீட்டைப் பார்க்கிறான், பரிசோதனைச் சீட்டை அடுத்துப் பார்க்கிறான், போட்டோ அப்புறம்தான். நம்மிடம் ஓங்கோலுக்கு அந்த மாதிரி வீட்டுக்கு வீடு வம்சச் சீட்டு கிடையாது. இருந்தது ஆயா.

மூன்று காளைகள்

முதலாளி மனசில் இருந்தது நெல்லூர்ப் பக்கத்து ஒரு கிராமத்தின் பரிசுக் காளை. போட்டோவில் பார்த்தாலே மூச்சு நிற்கும். திமில் இரண்டு பக்கமும் நிறைந்து சாயாமல் நிமிர்ந்து நின்றது, கழுத்து சாம்பல் கறுப்பு. மயிர்ச்சுழியும் பொருத்தம், ஏறுபூரான் என்ற ராசிச் சுழி என்று முதலாளி அடிக்கடி சொன்னார். சுழிக்கும் கன்றின் எலும்புக்கும் சம்பந்தமில்லை என்பது என் கட்சி. ஆனால் விற்கும் சந்தையில் சுழிக்கு விலை இருக்கிறது, அதனால் சண்டை போடவில்லை.

கறுமூக்கியை அந்தக் காளைக்கு விட வேண்டும் என்பது திட்டம். நோட்டோடு உட்கார்ந்த இரண்டாவது மாலை, ஆயா சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "அந்தக் காளையோட அப்பன் எங்க மாமியார் ஊட்டுக் காளைதான் நைனா. கறுமூக்கி அம்மாவும் அதுக்குத்தான் போச்சு." அதாவது கறுமூக்கியும் பரிசுக் காளையும் ஒரே தகப்பன் பிள்ளைகள். சேர்த்தால் பிறக்கும் கன்றின் உட்கலப்பு, அதாவது சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்த ரத்தத்தின் அளவு, நூற்றுக்கு பன்னிரண்டரை. முதலாளி விடவில்லை. "அழகும் அழகும் சேந்தா இன்னும் அழகுதானே சார்? வெள்ளக்காரன் அப்டித்தானே பண்ணான்?" பண்ணினான், உண்மை. வாட்சனும் நெருங்கிய சொந்தத்தில்தான் சேர்த்தார். ஆனால் அவர் மந்தை பெரிது, தேறாததைக் கசாப்புக்கு அனுப்பிவிட்டுத் தேறியதை மட்டும் வைத்துக்கொண்டார். நம் கொட்டகையில் மூன்று பசு. தேறாததை எங்கே அனுப்புவது? அதோடு, காளைக்குக் கருச்சிதைவு நோய்க்கு ரத்தம் பார்த்த சீட்டு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். கேட்டதில் காளைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டாவது, 'பிரேசில் குச்சி', அதாவது பிரேசில் காளையின் உறைவிந்து அடைத்த மெல்லிய குழல். நம் நெல்லூர் மாடுதான் கப்பலேறி அங்கே போய் நெலோரே ஆயிற்று, அந்த நாட்டு மாட்டு மந்தையின் பெரும்பகுதி இன்று அதன் வம்சம். 2023இல் வியாட்டினா-19 என்ற நெலோரே பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலத்தில் போன விலையை வைத்து முழு மாட்டுக்குக் கணக்குப் போட்டால் 40 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. எடை 1,100 கிலோ. நம் கெய்வி மாதிரி இரண்டு கெய்வி சேர்ந்தாலும் எட்டாது. அந்த ஏலத்துக்கு முன்பே இங்கே பிரேசில் மோகம் இருந்தது. ஒரு தரகர் சின்னக் குடுவையில் நைட்ரஜனோடு குச்சிகள் கொண்டு வந்தார். ஒன்றை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். முறையான விந்துக் குச்சியில் காளை எண், இனம், நிலையம், தேதி அச்சடித்திருக்கும். இதில் மை கலைந்து கடைசி இரண்டு எண் மட்டும் தெரிந்தது. குடுவைக் கழுத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டியதை ஆவடி வெயிலில் காட்டுவது மாதிரி. கெய்விக்கு வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றேன். பாப்பாவுக்கு? அங்கே நான் தளர்ந்துவிட்டேன். இளசுதானே, ஆசைக்கு ஒன்று போகட்டும் என்று. போட்ட கை என்னுடையது.

மூன்றாவது, அரசு நிலையம் ஒன்றின் ஓங்கோல் காளை. போட்டோவில் சுமார். தாயின் பால் அளவு காகிதத்தில் இருந்தது, நோய்ப் பரிசோதனை முறையாக நடக்கும் இடம். ஆனால் கெய்விக்கு எனக்கு வேண்டிய இரண்டு விஷயம், பின்சரிவும் காம்பும், எந்தக் காகிதத்திலும் இல்லை.

காளையின் காம்பை எங்கே பார்ப்பது? அதன் மகள்களிடம்தான். பழைய சகாக்களுக்குப் போன் போட்டு, அந்தக் காளையின் ஊசிக்குப் பிறந்தவை எங்கே கறவையில் இருக்கின்றன என்று விசாரித்தேன். கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் பக்கம் இரண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் சூளூர்ப்பேட்டைக்கு அருகில் மூன்று. ஒரு நாள் பைக்கில் போய் வந்தேன். ஐந்தையும் கறவை நேரத்தில் பின்னாலிருந்து பார்த்தேன். ஐந்துக்கும் மடி முழங்காலுக்கு மேலே, காம்பு நாலும் விரல் பருமனில் ஒரே அளவு. இடுப்பு சமமாக நீண்டிருந்தது. முகம்? சாதாரணம். கண் மை ஒன்றுக்குக்கூட கறுமூக்கி அளவு இல்லை. திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன்: "முகத்த கெய்வி குடுப்பா. அவளுக்கு இல்லாதத இவன் குடுப்பான்."

எது வம்சத்தில் எவ்வளவு இறங்கும் என்பதும் இதில் சேர்த்தி. உயரம், பிறப்பு எடை போன்றவை நன்றாக இறங்கும், நாலு பங்கில் ஒன்றரை இரண்டு பங்கு தகப்பன் தாயிடமிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். சினை பிடிக்கும் குணம் பத்தில் ஒரு பங்குகூட இறங்காது, தீனியும் பராமரிப்பும்தான் அதைத் தீர்மானிக்கும். அதனால் கறுமூக்கியின் தாமதத்தைக் காளையை மாற்றிச் சரிசெய்ய முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

கழனித் தண்ணீர் மிச்சமிருந்த ராத்திரி

ஓங்கோல் பசு பருவத்துக்கு வருவது ஊமைக் கதை. கலப்பின மாடு ஊரைக் கூட்டிக் கத்தும். இது பெரும்பாலும் ராத்திரியில் வந்து, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். வயதானால் இன்னும் மோசம். புரட்டாசியில் கெய்விக்குப் போட்ட முதல் ஊசி நிற்கவில்லை, நான் பிந்திப் போயிருந்தேன்.

நவம்பர் 23 சாயங்காலம் ஆயா போன் செய்தார். "கத்தல நைனா. ஆனா கழனித் தண்ணி பாதி வெச்சிட்டா. கெய்வி ஒருநாளும் வெச்சதில்ல." வால் பக்கம் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி மாதிரி வழும்பு, அறுபடாமல் தொங்குகிறது என்றார். சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை என்பது வழக்கம். 24ஆம் தேதி விடியற்காலை போனேன். தெருவிளக்கும் செல்போன் டார்ச்சும். பிளாஸ்கில் 37 டிகிரி தண்ணீர், அதில் குச்சி முப்பது விநாடி. துடைத்து, நுனி வெட்டி, 'கன்' என்கிற ஊசிக் கம்பியில் ஏற்றி, குளிராமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஏழு கன்று போட்ட கருப்பை வாய் தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கும், இளசில் வழுக்கிப் போவது இங்கே மூன்று இடத்தில் முட்டியது. அவசரப்பட்டால் ரத்தம். ஆயா அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கெய்வி அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை.

பிறந்தவை

285ஆம் நாள், 2020 செப்டம்பர் 4, கெய்வி கிடாரி ஈன்றாள். ஊரடங்கில் தவிடு கிடைக்காமல் திண்டாடிய வருடம் அது. சாக்குத் தூளியில் கட்டித் தராசில் தூக்கினோம், 27 கிலோ. கன்று அரை மணியில் எழுந்துவிட்டது. எழுந்து காம்பைத் தேடிப் போய், நக்கியது, முட்டியது, வாய்க்குள் போகவில்லை. அந்தப் புட்டிக் காம்பு அதன் வாயைவிடப் பெரிது. சுற்றிச் சுற்றி வந்து தாயின் முழங்காலைச் சப்பியது. ஆயா செம்பை எடுத்து வந்து முன் காம்பு இரண்டிலும் பாதிச் சீம்பாலைப் பீய்ச்சிக் காம்பை இளக வைத்தார். பிறகு விரலைக் கன்றின் வாயில் விட்டு, விரல் வழியாகவே காம்புக்குக் கொண்டுபோனார். முதல் ஒரு மணிக்குள் சீம்பால் உள்ளே போயிற்று. ஆள் இல்லாத கொட்டகையாக இருந்தால் அந்தக் கன்று அன்றைக்கே சோர்ந்திருக்கும். அழகுப் போட்டியில் காம்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

பாப்பாவின் பிரேசில் கன்று செவலையாக விழுந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. திமிலுக்குப் பதில் சின்ன மேடு. ஏதோ ஜெர்சி ரத்தம். முதலாளி மூன்று நாள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. நான் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. தரகர் போனை எடுக்கவில்லை. அந்தச் செவலை இப்போது ஒன்பது லிட்டர் கறக்கிறது. மற்ற மாடுகளின் புண்ணாக்குச் செலவு அவள் பாலில்தான் ஓடுகிறது என்று ஆயா அவ்வப்போது மகன் காதில் விழும்படி சொல்வார்.

கறுமூக்கிக்கும் அரசு நிலையக் காளையே. மூன்று ஊசி, மூன்றும் நிற்கவில்லை. தாது உப்பு கொடுத்தோம், டாக்டரை வைத்துக் கருப்பை கழுவினோம். நாலாவது போடவில்லை. அழகாக நிற்கிறாள், வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே காளை, இரண்டாம் முறை

2021இல் கெய்வி மறுபடி பருவத்துக்கு வந்தபோது எல்லாரும் காளையை மாற்றச் சொன்னார்கள். நான் கிடாரியைப் பின்னாலிருந்து பார்த்தேன். தாயின் சரிவில் பாதிதான் இருந்தது, முகம் அப்படியே தாய். கேட்டது கிடைத்த சேர்க்கையை ஏன் கலைக்க வேண்டும்? செப்டம்பரில் அதே காளை, அதே நிலையம்.

இந்த முறை நான் ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டேன். ஆங்கஸ்காரர்கள் தலை ஈத்துக் கிடாரிக்குத்தான் சின்னக் கன்று போடும் காளையைத் தேடுவார்கள், வயதான பசுவுக்கு இடுப்பு விரிந்திருப்பதால் பெரிய கன்று தரும் காளையையும் துணிந்து போடுவார்கள். இடுப்பைப் பொறுத்தவரை சரி. கெய்விக்கு வழி இருந்தது, முக்க வலு இல்லை. 2022 ஜூன் மூன்றாம் வாரம், பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரம் ஆகியும் கால் நுனி மட்டும் தெரிந்தது. வலி வந்து வந்து அடங்கியது. காது சில்லென்று இருந்தது. டாக்டரை வரவழைத்தோம். அவர் கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, மெல்ல மெல்ல நரம்பில் ஏற்றினார். அரை மணியில் வலி திரும்பியது. இரண்டு பேர் இழுக்க, காளைக்கன்று, 31 கிலோ. 15 வயதுக்குக் கால்சியத்தைச் சினைக் கடைசி மாதத்திலேயே கவனித்திருக்க வேண்டும். அது காளையின் தப்பல்ல, என் தப்பு.

மழையும் மேடையும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கொசஸ்தலை பொங்கி மணலி புதுநகரில் இடுப்பளவு தண்ணீர். முதலாளி நாற்பதடி டிரெய்லர் ஒன்றைக் கொட்டகை வாசலுக்குப் பின்னோக்கிக் கொண்டு வந்து, பலகை போட்டு மாடுகளை மேலே ஏற்றினார். கெய்வி முதலில் ஏறினாள், மற்றவை பின்னால் வந்தன. இரண்டு ராத்திரி டிரெய்லர் மேலேயே. வைக்கோல் எல்லாம் நாசம். கிடாரி மெலிந்துவிட்டது.

அந்தச் சங்கராந்திக்கு நெல்லூர்ப் பக்கம் ஒரு கிராமப் போட்டிக்குக் கெய்வியின் கன்றுகள் இரண்டையும் கொண்டுபோனோம். பல்லை வைத்து வயது பிரிப்பார்கள். ரெண்டு பல் பிரிவில் கிடாரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜெயித்த மாடு உயரம். கால் பந்தல்கால் மாதிரி நீளம், உடம்பு அதற்கு ஈடில்லை. இந்த வருடம் நடுவர்கள் உயரத்தைப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஆங்கஸிலும் இந்தப் பைத்தியம் வந்து போயிருக்கிறது. 1950களில் நடுவரின் பெல்ட் பக்கிள் உயரத்துக்கு மேல் போகாத குட்டை மாட்டுக்குப் பரிசு கொடுத்தார்கள். எழுபது, எண்பதுகளில் மனசு மாறி ஒட்டகம் மாதிரி உயரத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் அந்தந்த வருடத்து மேடைக்குக் காளை பார்த்தவன், கன்று வளர்ந்து வருவதற்குள் ரசனை மாறி நின்றான்.

பால் பல் பிரிவில் கெய்வியின் காளைக்கன்று இரண்டாம் பரிசு. நடுவர் ஒருவர், பெரியவர், பின்னால் போய் நின்று வெகு நேரம் பார்த்தார். "தாய் இருக்கிறாளா?" என்று தெலுங்கில் கேட்டார். முதலாளி போனில் கெய்வியின் படத்தைக் காட்டினார். பெரியவர் படத்தைப் பெரிதாக்கி மடியைப் பார்த்தார், கன்றின் வயிற்றடியில் குனிந்து அதன் சிறு காம்புகளைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அந்தக் காளையைத் தங்கள் பசுவுக்குக் கேட்டுப் பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து ஆள் வருகிறார்கள். கையில் போனோடு, அதில் போட்டோவோடு. முதலாளி நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க மாட்டோட அப்பன் யாரு?" என்று ஆரம்பிக்கிறார். பாதிப் பேர் அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.

போன மாசியில் விடியற்காலை நாலு மணிக்கு ஆயா போன் செய்தார். "கெய்வி கழனித் தண்ணிய மிச்சம் வெச்சிருக்கா நைனா." போனேன். குடுவையையும் ஊசிக் கம்பியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, தாது உப்பு ஒரு கிலோ பாக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஆயா பாக்கெட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தவிட்டில் கலக்கப் போனார்.